டிஸ்னிலாந்தின் மண்கரைக்குப் பின்னால்

கேள்வி கேட்டவர் அடுத்த கோடையில் குடும்பத்தோடு கலிபோர்னியா செல்லவிருக்கிறார். டிஸ்னிலாந்தைப் பற்றி ‘யாருக்கும் தெரியாத ரகசியங்கள்’ என்று வரும் பட்டியல்கள் பலவற்றைப் படித்துவிட்டுக் குழம்பியிருக்கிறார். கோட்டையின் உயரம் விமானப் போக்குவரத்து விதிக்காகக் குறைக்கப்பட்டதா, பூங்காவுக்கு அடியில் சுரங்கப் பாதைகள் இருக்கின்றனவா, பூங்காவை உருவாக்கிய வால்ட் டிஸ்னியின் உடல் அங்கே எங்கோ உறைய வைக்கப்பட்டிருக்கிறதா, கடைத்தெருவின் மாடிகள் பொய்யான அளவில் கட்டப்பட்டவையா என்று நான்கையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். நான்காகக் கேட்டாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்தக் கதைகளில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் கட்டடக்கலை படித்தவன். பதினெட்டு ஆண்டுகளாக அருங்காட்சியகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் உட்புற அமைப்பு வரைந்து வருகிறேன். அனாஹைம் நகரில் இருக்கும் அந்தப் பூங்காவுக்கு மூன்று முறை சென்றிருக்கிறேன். அதில் ஒருமுறை எந்தச் சவாரியிலும் ஏறாமல் நாள் முழுவதும் சுவரையும் கதவையும் தெருவின் தளத்தையுமே பார்த்துக்கொண்டு திரிந்தேன். என் மகள் அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். அந்த நிறுவனத்தில் நான் பணியாற்றியதில்லை, அதன் உள் வரைபடங்களைப் பார்த்ததும் இல்லை. ஆகவே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை, கட்டியவர்களே பேட்டிகளிலும் நினைவுக்குறிப்புகளிலும் சொன்னவை, வழிகாட்டிகள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லிப் பெருகியவை என்று மூன்றாகப் பிரித்தே பேசுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் நான்கு கேள்விகளில் முதலிரண்டும் நீங்கள் போகப்போகும் பூங்காவைப் பற்றியவையே அல்ல. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் திறக்கப்பட்டது டிஸ்னிலாந்து. 1971 அக்டோபர் 1 அன்று புளோரிடாவில் திறக்கப்பட்டது அதே நிறுவனத்தின் இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டம். இணையப் பட்டியல்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகின்றன. குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

அனாஹைம் பூங்காவின் உண்மையான ரகசியம் எது என்று என்னைக் கேட்டால், அதைச் சுற்றியிருக்கும் மண்கரை என்பேன். பட்டியல்களில் இதற்கு இடமே கிடைப்பதில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, அதன் நடுவில் பூங்காவை வைத்து, ஏரிக்குக் கரை கட்டுவதுபோலச் சுற்றிலும் மண்ணைக் குவித்து, அதன் மேல் மரங்களை நட்டு, அதன் மீதே ரயில் பாதையும் போட்டார்கள். ரயில் சவாரி போகிறவர் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பதாக நினைக்கிறார். அவரைத் தாங்கும் கரையோ வெளியில் ஓடும் நெடுஞ்சாலையையும் மின்கம்பங்களையும் விடுதிகளையும் உள்ளே இருப்பவர் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் அனாஹைம் நகர நிர்வாகம் சுற்றுவட்டாரக் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு விதித்தது. பூங்காவுக்குள் நிற்பவருக்கு அவை தெரியக்கூடாது என்பதே காரணம். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பார்வைக்கோடு நகரத்தின் கட்டட விதியாகவே மாறியது என்பது, தொழில்ரீதியாக எனக்குப் பொறாமை தரும் செய்தி.

இந்தக் கரையைப் புரிந்துகொண்டால் மற்ற பல ரகசியங்கள் தாமாகவே அவிழும். ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ என்ற கடற்கொள்ளையர் சவாரி 1967இல் திறக்கப்பட்டது, ‘ஹாண்டட் மேன்ஷன்’ என்ற பேய் மாளிகை 1969இல். அந்த நேரத்துக்குள் கரைக்கு உட்பட்ட நிலம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. இவ்வளவு பெரிய சவாரிகளுக்கு உள்ளே இடமில்லை. ஆகவே சவாரிகளின் பெரும்பகுதியை ரயில் பாதைக்கு வெளியே, கிடங்குபோன்ற பெரிய கட்டடங்களில் வைத்துவிட்டு, முகப்பை மட்டும் உள்ளே வைத்தார்கள். அப்படியானால் மக்களை ரயிலுக்கு அடியில் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், அதுவும் அவர்கள் அறியாமல். கடற்கொள்ளையர் சவாரியில் படகு இரண்டு அருவிகளில் சறுக்கி விழுவது வேடிக்கைக்காக என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த இரண்டு சறுக்கல்களும் படகை நிலமட்டத்துக்குக் கீழே இறக்கி, ரயில் பாதைக்கு அடியில் நுழைய வைக்கும் வேலையைச் செய்கின்றன. முடிவில் படகு சங்கிலியில் மேலே ஏறுவதும், இறங்கிய கணக்கை நேர்செய்வதற்காகத்தான்.

பேய் மாளிகையில் இதே சிக்கலுக்கு இன்னும் நுட்பமான தீர்வு. உள்ளே நுழைந்ததும் எட்டுப் பக்கங்கள் கொண்ட ஒரு அறையில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துவார்கள். சுவர்களும் படங்களும் நீண்டுகொண்டே போகும். மேலே நீள்கிறதா, நாம் கீழே போகிறோமா என்று ஒரு குரல் கேட்கும். அனாஹைமில் விடை எளியது: நீங்கள் நின்றுகொண்டிருப்பது மேற்கூரை இல்லாத ஒரு லிஃப்ட். அது இறங்குகிறது, சுவர் நிலையாக இருக்கிறது. இறங்கியதும் ஓவியங்கள் தொங்கும் நீண்ட கூடத்தில் நடக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கூடத்தின் தலைக்கு மேல்தான் ரயில் ஓடுகிறது. புளோரிடாவில் இதே அறையைக் கட்டியபோது மக்களைக் கீழே இறக்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் அந்த வித்தை அதற்குள் புகழ்பெற்றுவிட்டதால் அதை விட மனமில்லாமல், அங்கே தரையை அப்படியே வைத்துவிட்டுக் கூரையை மேலே உயர்த்தினார்கள். ஒரு ஊரில் தேவைக்காகப் பிறந்தது, இன்னொரு ஊரில் மரபாகிவிட்டது.

அந்த மாளிகையின் நடனக் கூடத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ‘ஹோலோகிராம்’ என்று தவறாக எழுதப்படுவது இதைத்தான். அங்கே ஹோலோகிராம் எதுவும் இல்லை. இரவில் விளக்கெரியும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கண்ணாடியில் நம் முகமும் தெரியும், அதன் ஊடாக வெளியே ஓடும் மரமும் தெரியும். முகம் வெளியே காற்றில் மிதப்பதுபோல் இருக்கும். அதேதான். லண்டன் மேடைகளில் 1862இல் ஜான் ஹென்றி பெப்பர் இதைக் காட்டிப் புகழ்பெற்றதால் ‘பெப்பர்ஸ் கோஸ்ட்’ என்று பெயர். மாளிகையில் நீங்கள் மேல்மாடத்து இருட்டில் வண்டியில் போகிறீர்கள். உங்களுக்கும் கூடத்துக்கும் நடுவே பிரம்மாண்டமான கண்ணாடி நிற்கிறது. மேசை, நாற்காலி, விளக்குகள் மட்டுமே கண்ணாடிக்கு அப்பால் நிஜமாக இருப்பவை. ஆவிகளாகத் தெரியும் பொம்மைகள் உங்களுக்குக் கீழேயும் மேலேயும், கறுப்புப் பூசிய இடத்தில், உங்கள் கண்ணுக்கு எட்டாமல் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் மீது விளக்கு விழும்போது பிம்பம் தோன்றுகிறது, அணையும்போது மறைகிறது. இதில் ஒரு சறுக்கலும் இருக்கிறது. கண்ணாடி இடத்தை வலமாக்கும் அல்லவா? பிம்பத்தில் வால்ட்ஸ் ஆடும் ஜோடிகளை உற்றுப் பாருங்கள். வழக்கப்படி ஆண் வழிநடத்த வேண்டிய நடனத்தில் பெண் வழிநடத்துகிறாள். பொம்மையைச் செய்தபோது சரியாகச் செய்தார்கள், பிம்பத்தில் அது புரண்டுபோயிற்று. ஆயிரக்கணக்கான மணிநேரம் உழைத்தவர்களும் இப்படித் தவறுவார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அதே மாளிகையில் நீங்கள் போகும் பக்கமெல்லாம் திரும்பிப் பார்க்கும் இரண்டு சிலைகளிலும் இயந்திரம் ஏதும் இல்லை. அவை வெளியே புடைத்த முகங்கள் அல்ல, சுவருக்குள் குழிந்த முகங்கள். குழிந்த முகத்தைச் சரியான வெளிச்சத்தில் பார்த்தால் மூளை அதைப் புடைப்பாகவே எடுத்துக்கொள்ளும். நாம் நகரும்போது அது நம்மைத் தொடர்வதாகத் தோன்றும். இட்லித் தட்டின் குழிபோன்ற அச்சு ஒன்றும், கீழிருந்து ஒரு விளக்கும் போதும்.

இத்தகைய வித்தைகள் ஏன் இந்தப் பூங்காவில் இவ்வளவு செறிவாக இருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு, அது எங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்க்கும் காரணம் அல்ல. தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி கட்டடக்கலை நிறுவனம் ஒன்றை அமர்த்திப் பார்த்தார், சரிவரவில்லை. அவருடைய நண்பரும் பெயர்பெற்ற கட்டடக்கலைஞருமான வெல்டன் பெக்கெட், உங்கள் எண்ணத்தில் இருப்பதை உங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் வரைய முடியாது என்று அறிவுரை சொன்னார். ஆகவே ஹார்ப்பர் காஃப், மார்வின் டேவிஸ், ஹெர்ப் ரைமன், ஜான் ஹென்ச் என்று திரைப்படத்துக்கு அரங்கமும் ஓவியமும் செய்துகொண்டிருந்தவர்களே பூங்காவை வடிவமைத்தார்கள். கட்டடக்கலைஞன் முதலில் தரைப்படம் வரைவான்; அரங்கக் கலைஞன் காமெரா எங்கே நிற்கிறது என்று கேட்பான். நீங்கள் வாயிலில் நுழையும்போது இந்த வேறுபாட்டை உடலாலேயே உணரலாம். ரயில் நிலையம் எதிரே நின்று பார்வையை மறைக்கும். அதன் இரு பக்கமும் உள்ள குறுகிய நடைவழிகளில் ஒன்றுக்குள் போக வேண்டும். அங்கே சவாரிகளின் சுவரொட்டிகள், திரையரங்கின் முன்கூடத்தில் இருப்பதுபோல. வெளியே வந்ததும் திரை விலகியதுபோலத் தெருவும் அதன் முடிவில் கோட்டையும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். இப்படித் தொலைவில் நின்று காலை இழுக்கும் உயரமான பொருளுக்கு வால்ட் வைத்த பெயர் ‘வீனி’, அதாவது நாயை நடத்திச் செல்ல நீட்டும் சாசேஜ் துண்டு. பார்வையாளர்களுக்கு அவ்வளவாகப் பெருமை தராத உவமைதான், ஆனால் துல்லியமானது.

இனிக் கடைத்தெருவின் அளவு பற்றிய உங்கள் கேள்வி. இது உண்மை, கண்ணாலேயே சரிபார்க்கலாம். ‘ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ்’ என்று நாங்கள் சொல்லும் முறை. தொலைவு கூடக் கூடப் பொருள் சிறுக்கும் என்று கண் எதிர்பார்ப்பதால், பொருளையே சிறுக்கச் செய்து தொலைவைப் பொய்யாக உண்டாக்குவது. மெயின் ஸ்ட்ரீட்டில் தரைத்தளம் ஏறத்தாழ முழு அளவில் இருக்கும், ஏனென்றால் அதன் கதவு வழியாக நிஜ மனிதர் நுழைய வேண்டும். முதல் மாடி குறையும், அதற்கு மேலுள்ளது இன்னும் குறையும். எதிர்ச்சாரியில் நின்று மேல்மாடி ஜன்னலில் ஒரு ஆள் தலையை நீட்டுவதாகக் கற்பனை செய்து பாருங்கள், தோள் இடிக்கும். ஆனால் பட்டியல்களில் வரும் ‘முழுத்தெருவும் எட்டில் ஐந்து பங்கு அளவு’ என்ற வாக்கியத்தை நம்ப வேண்டாம். எல்லாக் கட்டடத்துக்கும் எல்லாத் தளத்துக்கும் பொருந்தும் ஒற்றை விகிதம் அங்கே இல்லை. கோட்டைக்கும் இதே முறைதான். அனாஹைம் கோட்டையின் உயரம் வெறும் 77 அடி. அடிச்சுவரில் கற்கள் பெரியவை, மேலே போகப் போகச் சிறியவை, அதனால்தான் அது தன் உயரத்தைவிட அதிகமாக நிமிர்ந்து நிற்கிறது. பவேரியாவின் நியூஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்த்து மாதிரி செய்தபோது, அச்சு அசலாக அதுபோலவே இருக்கிறதே என்று சங்கடப்பட்ட ஹெர்ப் ரைமன் மேற்பாதியைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி வைத்தார். வால்ட் வந்து பார்த்து அப்படியே இருக்கட்டும் என்றார். நாம் படமெடுத்துக்கொள்ளும் முகப்பு, முதலில் முதுகாக வரையப்பட்டது.

கோட்டைக்கு வலப்பக்கம் ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் நிற்கும் ஒரு சிறு நீர்க்கரை இருக்கிறது. பளிங்குச் சிலைகள் வந்து இறங்கியபோது ஸ்னோ ஒயிட்டின் சிலையும் குள்ளர்களின் உயரமே இருந்தது. வேறு சிலை செய்யச் சொல்லலாம். ஜான் ஹென்ச் வேறு வழி கண்டார். அவளை அருவியின் உச்சியில், பார்ப்பவரிடமிருந்து தள்ளி நிறுத்தி, பக்கத்தில் சின்னஞ்சிறு மானை வைத்தார். தூரத்தில் நிற்பதால் அவள் சிறிதாகத் தெரிகிறாள் என்று கண் தானே சமாதானம் செய்துகொள்கிறது. முழுப் பூங்காவிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நம் ஊர்க் கூட்டத்தோடு போனால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

பணமும் நேரமும் போதாததால் பிறந்த ரகசியங்களும் உண்டு. 1954இல் தோண்டத் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டில் திறந்தார்கள். திறப்பு நாளன்று வெயில் கொளுத்தியது; புதிதாகப் போட்ட தாரில் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. மரம் நடும் பொறுப்பிலிருந்த பில் எவன்ஸிடம் பணம் தீர்ந்துவிட்டது. நடுவதற்குச் செடி இல்லாத இடங்களில் முளைத்திருந்த களைகளுக்கு முன்னால் லத்தீன் பெயர்ப் பலகைகளை வைக்கச் சொல்லி அரிய தாவரங்களாக ஆக்கினார்கள். இது சம்பந்தப்பட்டவர்களே சிரித்துக்கொண்டு சொன்ன செய்தி என்பதால் நம்புகிறேன். காட்டுப் படகுச் சவாரியில் தோப்பு மரங்களைத் தலைகீழாக நட்டு, வேர்களை விசித்திரமான கிளைகளாகக் காட்டியதாகச் சொல்லப்படுவதும் இதே வகை; அந்தச் சவாரியின் நீர் கலங்கியே இருப்பது மட்டும் உறுதி, அடியில் இருக்கும் தண்டவாளமும் ஆழமின்மையும் தெரியாமல் இருக்கச் சாயம் கலக்கிறார்கள்.

புளோரிடாவுக்கு வருவோம். அனாஹைமில் நிலம் போதாமல், வேலிக்கு வெளியே விடுதிகள் முளைத்ததைப் பார்த்து நொந்த வால்ட், அறுபதுகளில் அங்கே ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தைப் பல பினாமி நிறுவனங்களின் பெயரில் சத்தமில்லாமல் வாங்கினார். யார் வாங்குகிறார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதுதான் காரணம். 1965 அக்டோபரில் உள்ளூர்ச் செய்தித்தாள் ஆளைக் கண்டுபிடித்து எழுதியது. அந்த நிறுவனங்களில் ஒன்றின் பெயர் ‘எம். டி. லாட்’. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலத்தில் ‘காலி மனை’ என்று காதில் விழும். மேஜிக் கிங்டம் கடைத்தெருவின் மேல்மாடி ஜன்னல் ஒன்றில் இந்தப் பெயரை இன்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பூங்காக்களிலும் மாடி ஜன்னல்களில் காணும் கற்பனைக் கடைப்பெயர்கள் பெரும்பாலும் பூங்காவைக் கட்டியவர்களின் நிஜப் பெயர்கள். படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலைச் சுவரில் எழுதியதுபோல. அனாஹைமில் ‘எலியாஸ் டிஸ்னி, ஒப்பந்ததாரர், 1895’ என்றிருப்பது வால்டின் தந்தை.

சுரங்கப் பாதைகள் இருப்பது அங்கேதான், ஆனால் அவை சுரங்கமும் அல்ல. புளோரிடாவில் சற்றுத் தோண்டினாலே நீர் ஊறும். ஆகவே நிலமட்டத்திலேயே நடைவழிகளைக் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து மூடி, அதன் மேல் பூங்காவைக் கட்டினார்கள். பார்வையாளர் நடப்பது உண்மையில் முதல் மாடியில். அனாஹைமில் கௌபாய் உடையிலிருந்த ஊழியர் ஒருவர் எதிர்கால உலகப் பகுதியின் நடுவே நடந்துபோனதை வால்ட் பார்த்து எரிச்சலடைந்ததே இதற்கு வித்து என்பார்கள். அந்தக் காட்சி அப்படியே நடந்ததோ இல்லையோ, சிக்கல் உண்மையானது. குப்பைகூட அந்த வழியாகக் குழாய்களில் காற்றால் உறிஞ்சப்பட்டுப் போகிறது. ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்பம். நீங்கள் போகும் அனாஹைமில் இத்தகைய முழு அமைப்பு கிடையாது. பூங்காவின் ஒரு பகுதியான நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்தின் உணவகங்களுக்குப் பொதுவான நிலத்தடிச் சமையலறை போன்ற சில பகுதிகளே உண்டு.

கோட்டை உயரம் பற்றிய கதை பாதி உண்மை. அமெரிக்காவில் 200 அடியைத் தாண்டும் கட்டடத்துக்கு விமானங்களை எச்சரிக்கும் விளக்கு தேவைப்படும் என்பது விதி. புளோரிடாவின் சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி. அந்த விதியை நினைத்தே 189இல் நிறுத்தினார்கள் என்பது ஊகம். பதினோரு அடி மிச்சம் வைத்தவரின் மனத்தை எண்ணை வைத்து மட்டும் படிக்க முடியாது. ஆனால் பிற்காலத்தில் அதே வளாகத்தில் கட்டிய ‘டவர் ஆஃப் டெரர்’ என்ற சவாரிக் கோபுரம் 199 அடி, ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ என்ற சவாரி மலை 199.5 அடி என்று பார்க்கும்போது, அவற்றின் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தக் கோபுரத்தைப் பற்றி இன்னொன்றும் உறுதியானது: அது பக்கத்து எப்காட் பூங்காவின் மொராக்கோ அரங்குக்குப் பின்னால் தொலைவில் தெரியும், ஆகவே அதன் நிறத்தையும் உச்சி அமைப்பையும் மொராக்கோக் கட்டடங்களோடு ஒத்துப்போகும்படி அமைத்தார்கள். புயல் வந்தால் கோட்டையைப் பிரித்து எடுத்து வைத்துவிடுவார்கள் என்பது மட்டும் முழுப்பொய்; இரும்புச் சட்டமும் கான்கிரீட்டும் ஃபைபர் கிளாஸும் சேர்ந்த கட்டடம் அது, கூடாரம் அல்ல.

நிறமும் மணமும் பற்றிய கதைகள் பெரும்பாலும் மெய். மறைக்க வேண்டிய மின்பெட்டி, வேலி, பின்கட்டுச் சுவர் ஆகியவற்றுக்குப் பூசும் மங்கிய பச்சைக்கு ‘கோ அவே கிரீன்’ என்றே பெயர். ‘கண்ணிலிருந்து போய்விடு’ என்கிற பச்சை. மணத்தை வீசும் கருவிக்கு அந்நிறுவனம் காப்புரிமை பெற்றிருக்கிறது. அனாஹைம் பூங்காவின் பழைய வாகன நிறுத்துமிடத்தில் 2001இல் இரண்டாவது பூங்காவைத் திறந்தபோது, அதில் கலிபோர்னியா மீது பறப்பதுபோன்ற சவாரியில் தோப்புகளைக் கடக்கும்போது ஆரஞ்சு மணம் வரும்படி செய்தார்கள். தோப்பை வெட்டி நிறுத்துமிடமாக்கி, நிறுத்துமிடத்தை இடித்துப் பூங்காவாக்கி, பிறகு அதே மண்ணில் இயந்திரத்தால் ஆரஞ்சு மணக்க வைத்ததை யாரும் ரகசியப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

வால்டின் உடல் உறைய வைக்கப்படவில்லை. அவர் 1966 டிசம்பர் 15 அன்று இறந்தார், இரண்டு நாளில் எரியூட்டப்பட்டார். உலகில் முதன்முதலாக ஒரு மனித உடல் அந்த முறையில் உறைய வைக்கப்பட்டதே 1967 ஜனவரியில்தான். கடற்கொள்ளையர் சவாரியில் தொடக்கத்தில் நிஜ மனித எலும்புக்கூடுகளைப் பயன்படுத்தினார்கள் என்பதை அதில் உழைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலப் பொம்மை எலும்புகள் நம்பும்படி இல்லையாம். பின்னர் அவை மாற்றப்பட்டன. கட்டில் தலைமாட்டில் உள்ள ஒரு மண்டையோடு மட்டும் இன்றும் நிஜம் என்பது வாய்மொழிக் கதையாகவே நிற்கிறது.

இதுவரை சொன்னதிலிருந்து நான் கையாளும் சோதனை உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்: ஒரு ரகசியத்தைக் கேட்டால், அது எந்தச் சிக்கலைத் தீர்த்தது என்று கேட்டுப் பார்ப்பேன். லிஃப்ட் மக்களை ரயில் பாதையைக் கடக்க வைத்தது, நடைவழி நிலத்தடி நீரைத் தவிர்த்தது, பச்சை நிறம் பெட்டியை மறைத்தது. உறைந்த உடல் எதையும் தீர்க்கவில்லை. ஆனால் இந்தச் சோதனை எப்போதும் பலிக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1959இல் கட்டிய மேட்டர்ஹார்ன் மலைக்குள், அதாவது நிஜ மலையின் நூறில் ஒரு பங்காக 147 அடிக்கு எழுப்பிய அந்த மலையின் மேற்பகுதியில், கூடைப்பந்து வளையம் இருக்கிறது என்ற கதையை நான் வெகுநாள் சிரித்துத் தள்ளினேன். வளையம் நிஜம். ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் விளையாட மாட்டியது. உயர வரம்பை ஏமாற்ற விளையாட்டரங்கம் என்று கணக்குக் காட்டினார்கள் என்று அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பொய். பயனில்லாத மெய்க்கு மக்கள் பயனுள்ள பொய்க் காரணம் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்களைப் பிடிக்க அதுவே தூண்டில்.

அப்படி எதையும் தீர்க்காத, ஆனால் உறுதியான இரண்டு மூன்றைச் சொல்லிவிடுகிறேன். அனாஹைம் பூங்காவின் அட்வென்ச்சர்லாந்து பகுதியில் நிற்கும் ஒரு பேரீச்சை இனப் பனை, பூங்காவுக்கு முன்பு அந்த நிலத்தை வைத்திருந்த குடும்பத்தினர் 1896இல் நட்டது. வெட்டக்கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இடம் மாற்றி நட்டார்கள். மெயின் ஸ்ட்ரீட் தீயணைப்பு நிலைய மாடியில் வால்ட் தங்குவதற்கு ஒரு சிறு வீடு இருந்தது. அதன் ஜன்னல் விளக்கை அவர் நினைவாக அணைப்பதில்லை. பகலிலும் பார்க்கலாம்.

கடைசியாக, நியூ ஆர்லியன்ஸ் சதுக்க ரயில் நிலையத்துக்குப் போங்கள். அது மண்கரையை ஒட்டியே இருப்பதால் கரையின் அமைப்பையும் அங்கிருந்து கவனிக்கலாம். தந்திக் கருவியின் கட்கட ஒலி இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். வெறும் சத்தம் அல்ல, திறப்பு நாளில் வால்ட் ஆற்றிய வரவேற்புரையின் தொடக்க வரிகள். கைப்பேசியில் மோர்ஸ் செயலியை வைத்துச் சரிபார்க்கலாம் என்று நானும் முயன்றேன், உளறலாகத்தான் வந்தது. பிறகுதான் தெரிந்தது: அது இன்று வானொலியில் வழங்கும் பன்னாட்டு மோர்ஸ் அல்ல, பழைய அமெரிக்க ரயில் நிலையங்களில் வழங்கிய தந்திக் குறியீடு, பல எழுத்துகளுக்குக் குறிகளே வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில் நிலையம் என்று காட்டிவிட்டு அங்கே வழங்காத பன்னாட்டுக் குறியீட்டை ஒலிக்கவிட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். பழைய அமெரிக்கக் குறியீட்டின் அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு போங்கள், ரயில் வரும்வரை பிள்ளைகளுக்குப் பொழுதுபோகும்.